இராஜம்மாவின் இருபத்து நான்கு நிரைகள்

ஜெஞ்சாரோம் இராஜம்மாவைப் பற்றி யாராவது "பாவம், படிக்காதவங்க, தெரியாம செஞ்சிட்டாங்க" என்று சொன்னால் எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வருகிறது. எங்கள் அலுவலகத்தில் இரண்டு பேர் அப்படிச் சொன்னார்கள். அந்த இருவரோடும் நான் இப்போது பேசுவதில்லை. படித்தவர்கள் அடித்த கூத்தைத்தான் இங்கே எழுதப் போகிறேன். அதில் என் பங்கும் உண்டு.

என் பெயர் ஹுமைரா. கிள்ளானில் துணிக்கடை வைத்திருந்த குடும்பம் எங்களுடையது. இப்போது பிரிக்பீல்ட்ஸில் குடியிருக்கிறேன். பங்சாரில் ஒரு வாழையிலைச் சாப்பாட்டுக் கடைக்கு மேலே, இரண்டாம் மாடியில் இருக்கும் ஆய்வுக்கூடத்தில் பதினான்கு வருடமாக வேலை. காட்டை வெட்டி எதையாவது கட்ட நினைப்பவர்கள், அங்கே என்னென்ன விலங்கு இருக்கிறது என்று அதிகாரிகளுக்கு அறிக்கை கொடுக்க வேண்டும். அந்த அறிக்கையை எங்கள் நிறுவனம் தயாரித்துக் கொடுக்கும். களத்திலிருந்து முடி, இறகு, புழுக்கை என்று எது வந்தாலும், அதிலிருந்து மரபணுவைப் பிரித்தெடுத்து, இது எந்த விலங்கு, போன முறை வந்ததும் இதுவும் ஒரே விலங்கா என்று சொல்வது என் வேலை. சுருக்கமாகச் சொன்னால் நான் புழுக்கை பார்க்கிறவள். என் உம்மா இன்றுவரை உறவினர்களிடம் நான் மருத்துவமனையில் வேலை செய்வதாகத்தான் சொல்கிறார்.

இராஜம்மா அக்கா பொறுக்குகிறவர். நாற்பத்தெட்டு வயது, கனத்த உடம்பு, தலையில் எப்போதும் ஒரு துண்டு. செம்பனைத் தோட்டத்தில் பிறந்தவர், நாகையா என்பவரின் மூன்றாவது மகள். பதினைந்து வயதில், மூன்றாம் படிவம் படிக்கும்போது அம்மா கால்வாயில் விழுந்து இடுப்பை ஒடித்துக்கொண்டார். அம்மாவின் இடத்துக்கு ஆள் வேண்டும் என்றார்கள். மூத்தவர்கள் இருவருக்கும் கல்யாணம் ஆகியிருந்தது. இராஜம்மா புத்தகப் பையை மாட்டிவிட்டுக் கோணிச் சாக்கை எடுத்தார். அது முப்பத்து மூன்று வருடத்துக்கு முன்னால். தோட்ட வீடுகளை இடித்த பிறகு ஜெஞ்சாரோமுக்கு வெளியே ஒரு தாமானில், வரிசை வீடுகள் இருக்கும் குடியிருப்பில், குடியேறினார்கள். வீட்டுக்காரர் பக்கிரிசாமி போர்ட் கிள்ளானில் கொண்டெய்னர் லோரி ஓட்டுகிறார். அக்கா மட்டும் இன்னும் அதே தோட்டத்துக்குக் குத்தகை ஆளாகப் போய்க்கொண்டிருக்கிறார்.

செம்பனைக் குலையை வெட்டும்போது பழங்கள் உதிர்ந்து சிதறும். அதைப் பொறுக்குவதுதான் பெண்களின் வேலை. ஆளுக்கு ஒரு நிரை. குனிந்தால் நிரை முடியும்வரை நிமிர முடியாது. புல்லுக்குள், மட்டைக்கு அடியில், எறும்புப் புற்றில் என்று எங்கே கிடந்தாலும் ஒன்றுகூட விடாமல் எடுக்க வேண்டும். மேற்பார்வை பார்க்கும் மண்டோர் தம்புசாமி பின்னாலேயே வருவார். நாலைந்து பழம் கிடந்தால் போதும், எல்லார் முன்னாலும் "திரும்பப் போ" என்பார். மற்றவர்கள் நிழலில் தண்ணீர் குடித்துக்கொண்டிருக்கும்போது, திருப்பி அனுப்பப்பட்டவள் மட்டும் சாக்கைத் தூக்கிக்கொண்டு அவர்களைத் தாண்டிப் போக வேண்டும். அந்த நடைதான் தண்டனை. இராஜம்மா அக்கா முப்பத்து மூன்று வருடத்தில் ஒருமுறைகூட அந்த நடை நடந்ததில்லை. இதை அவரே என்னிடம் மூன்று தடவை சொல்லியிருக்கிறார். தோட்டத்தில் வேறு எதைப் பற்றியும் அவர் பெருமை பேசி நான் கேட்டதில்லை.

தோட்டத்தின் கடைசியில் இருநூறு ஏக்கர் சதுப்புக் காடு மிச்சம் இருந்தது. அதை வெட்டிக் கிடங்குகள் கட்ட ஒரு கம்பெனி வந்தது. துறைமுகத்துச் சரக்கை வைக்க இடம் போதவில்லையாம். அந்தக் காட்டில் சருகுமான் இருக்கிறது. நம் ஊர்க்காரர்கள் கஞ்சில் என்பார்கள். முயல் அளவுதான் இருக்கும், கால்கள் பென்சில் கனம். அரசு அதிகாரி கேட்டது ஒரே கேள்வி: அந்தக் காட்டில் எத்தனை சருகுமான்? ஐம்பதுக்கு மேல் இருந்தால், நிறைய இருக்கிறது, வலைபோட்டுப் பிடித்து வேறெங்காவது விட்டுவிட்டு மொத்தக் காட்டையும் வெட்டலாம். ஐம்பதுக்குக் கீழே இருந்தால் வாய்க்கால் ஓரத்துப் பாதிக் காட்டைத் தொடக்கூடாது. எல்லாம் அந்த ஓர் எண்ணில் இருந்தது.

எண்ணைக் கண்டுபிடிக்கும் வேலை எங்கள் நிறுவனத்துக்கு வந்தது. சருகுமானைக் கண்ணால் பார்த்து எண்ண முடியாது, அதனால் புழுக்கை. எங்கள் களப்பணி அதிகாரி விஜயன் பட்டதாரிகள் இருவரோடு மூன்று நாள் காட்டைச் சுற்றினார். ஒரு புழுக்கையும் கிடைக்கவில்லை, அட்டைக் கடி மட்டும் கிடைத்தது. அப்போது யாரோ இராஜம்மாவைக் காட்டியிருக்கிறார்கள். முதல் நாள் மத்தியானத்துக்குள் அக்கா ஒன்பது டியூப் நிரப்பிக் கொடுத்தார். எலியின் புழுக்கை எது, முள்ளம்பன்றியின் புழுக்கை எது என்று அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. காட்டுக்குள் சிவப்பு நாடா கட்டி இருபத்து நான்கு நிரை பிரித்தார்கள். இரண்டு மாதம், இரண்டு சுற்று.

இந்த முறை எப்படி என்பதைச் சொல்லிவிடுகிறேன். பிரிக்பீல்ட்ஸில் ஒரு ரொட்டிச் சானாய் கடை வாசலில் நின்று, இன்றைக்கு வருகிற முகங்களை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த வாரம் அதே வாசலில் நில்லுங்கள். பழைய முகங்களே திரும்பத் திரும்ப வந்தால் கடைக்கு வாடிக்கையாளர் கொஞ்சம் பேர். எல்லாம் புது முகமாக இருந்தால் பெரிய கூட்டம். சருகுமானின் முகம் அதன் மரபணு. இரண்டாவது சுற்றில் பழைய முகம் எத்தனை என்பதை வைத்துத்தான் மொத்தக் கணக்கு. ஆனால் அதே வாசலில் நிற்க வேண்டும். வேறு கடை வாசலில் போய் நின்றால் எல்லாம் புது முகமாகத்தானே இருக்கும்?

முதல் சுற்றில் பத்துச் சருகுமான் தெரிந்தன. இரண்டாம் சுற்றிலும் பத்து. பழைய முகம் ஒன்றுகூட இல்லை. கணக்கைப் போட்டால் நூற்றிருபது. எங்கள் முதலாளி டாக்டர் சிவநேசன் அன்றைக்கு எல்லாருக்கும் கீழ்க் கடையிலிருந்து சாப்பாடு வரவழைத்தார். கிடங்குக் கம்பெனிக்காரரும் வந்து கை குலுக்கினார். நானும் ஆட்டுக்கறி வறுவல் போட்டுச் சாப்பிட்டேன்.

மூன்று வாரம் கழித்துக் குளிர்ப்பெட்டியை ஒழுங்குபண்ணும்போது இரண்டு பெட்டிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். முதல் சுற்றுப் பெட்டியில் டியூப் மேல் எழுதியிருந்த நிரை எண்கள் ஒன்றிலிருந்து பன்னிரண்டு. இரண்டாம் பெட்டியில் பதிமூன்றிலிருந்து இருபத்து நான்கு. அல்லாஹ்வே என்று உட்கார்ந்துவிட்டேன். அந்த எண்களை நான்தான் என் கையால் கணினியில் ஏற்றினேன். ஐம்பத்தொன்பது டியூப். ஐம்பத்தொன்பது தடவை பார்த்தும் எனக்கு உறைக்கவில்லை.

அடுத்த சனிக்கிழமை ஜெஞ்சாரோமுக்குப் போனேன். அக்கா வாசலில் உட்கார்ந்து பூட்ஸ் கழுவிக்கொண்டிருந்தார்.

"அக்கா, ரெண்டாவது மாசம் எந்த நிரையில போனீங்க?"

"பதிமூனுலேருந்து. இருபத்து நாலு நிரை, ரெண்டு மாசம், மாசத்துக்குப் பன்னெண்டு. ஏன்?"

"மொத பன்னெண்டுக்குத் திரும்பப் போகலையா?"

அவர் பூட்ஸைக் கீழே வைத்தார். "எதுக்குப் போகணும்? நான் விட்டுட்டு வந்தேன்னு எவன் சொன்னான்?"

"யாரும் சொல்லலக்கா. அதே நிரையில திரும்பப் போறதுதான் வேலையே." ரொட்டிச் சானாய் கடைக் கதையை அவரிடமும் சொன்னேன். நான் பாதி சொல்லும்போதே அவருக்குப் புரிந்துவிட்டது. பூட்ஸை மறுபடி எடுத்து ஒட்டியிருந்த மண்ணைச் சுரண்டினார்.

"புழுக்கை கெடந்துச்சு" என்றார் பிறகு. "பதிமூனுக்குப் போற வழியில, மூனாவது நிரையில, அஞ்சாவது நிரையில, எல்லாத்துலயும் புதுசா கெடந்துச்சு. தாண்டிக்கிட்டுத்தான் போனேன். பொறுக்கி முடிச்ச நிரை, அதுல திரும்பக் குனிஞ்சா என்ன அர்த்தம்? மொத தடவ ஒழுங்கா பாக்கலன்னு அர்த்தம். இப்ப எவ்வளவுன்னு எழுதியிருக்கீங்க?"

"நூத்தியிருபது."

"நூத்தியிருபதா? அந்தக் காட்டுலயா? கண்ணு தெரியாதவன்கூட நம்ப மாட்டான் லா." அவர் குரல் ஏறியது. "இத என்கிட்ட ஒரு வார்த்த சொல்றதுக்கு உங்க ஆபீஸ்ல யாருக்கும் வாய் இல்லையா? அந்த விஜயன் தம்பி பூட்ஸ் சைஸ் பத்தி அர மணி நேரம் பேசுனாரு. அடுத்த மாசமும் இதே மாதிரி பண்ணுங்கக்கான்னு சொல்லிட்டு ஏர்கான் போட்டுக்கிட்டு கார்ல உக்காந்துட்டாரு. எதுக்குத் திரும்பப் போகணும்னு சொல்லியிருந்தா நான் நூறு தடவ போயிருப்பேனே?"

சொல்லாமல் இல்லை, தாளில் இருந்தது. நான்கு பக்க ஆங்கிலத் தாள். ஏதோ குளிர்நாட்டு வயல்வெளியில் காட்டு முயல்களை எண்ணுவதற்காக எழுதியது. விஜயன் அதை எடுத்து, முயல் என்று இருந்த இடத்திலெல்லாம் சருகுமான் என்று மாற்றியிருந்தார். இரண்டாம் பக்கத்தில் "பனியில் கால்தடம் தேடவும்" என்ற வரியை மாற்ற மறந்துவிட்டார். ஜெஞ்சாரோமில் பனி! மூன்றாம் பக்கத்தின் அடியில், இரண்டாம் முறையும் அதே பாதையில் நடக்க வேண்டும் என்று ஒரு வரி. தமிழும் மலாயும் வாசிக்கத் தெரிந்த பெண்ணிடம் அந்த ஆங்கிலத் தாளைக் கொடுத்து, பூட்ஸும் டியூபும் வாங்கிக்கொண்டதற்குப் போட்ட அதே கையெழுத்தில் அதையும் பெற்றுக்கொண்டதாக எழுதி வாங்கியிருந்தார்கள். இதையெல்லாம் நினைத்தால் இப்போதும் பற்றிக்கொண்டு வருகிறது.

திங்கட்கிழமை டாக்டர் சிவநேசனிடம் சொன்னேன். அவர் குரலை உயர்த்தவே மாட்டார். பூசி மெழுகுவதில் அவரை அடிக்க ஆள் இல்லை. "டிராஃப்ட் போயிருச்சு ஹுமைரா. கிளையண்ட் ஹேப்பி. டேட்டா என்ன சொல்லுதோ அதத்தானே நாம எழுதினோம்?" என்றார். விஜயன் பக்கத்தில் நின்று செல்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் என் பையில் ஐம்பது காலி டியூபைப் போட்டுக்கொண்டு மறுபடி ஜெஞ்சாரோமுக்குப் போனேன். கேட்கவே வேண்டியிருக்கவில்லை. அக்கா டியூபை வாங்கி எண்ணிப் பார்த்தார், அவ்வளவுதான். பக்கிரிசாமி அண்ணன் மட்டும் மெதுவாக ஒரு வார்த்தை சொன்னார்: "கிடங்கு வந்தா எனக்கு இங்கயே லோரி ஓட்டம் கெடைக்கும். தெனமும் அந்த ஜாம்ல கெடந்து சாக வேண்டியதில்ல."

"கெடைக்கட்டும், நான் வேணாம்னா சொன்னேன்?" என்றார் அக்கா. "அந்தக் கஞ்சில் மேல எனக்கு ஒன்னும் பாசம் கெடையாது. சின்ன வயசுல கறி தின்னவதான் நான். ஆனா எத்தனைன்னு என்னைக் கேட்டுட்டு, நான் பொறுக்குனத வச்சே பொய் எழுதுறாங்க. அது ஆகாது."

மறுநாள் விடிந்ததும் அண்ணன்தான் அவரை மோட்டார் சைக்கிளில் கொண்டுபோய் விட்டார்.

பன்னிரண்டு காலை. நாளுக்கு இரண்டு நிரை. கூலி இல்லாத வேலை. காட்டுக்குப் போக வேண்டுமென்றால் தோட்டத்துக்குள்தான் போக வேண்டும். பொறுக்கும் பெண்கள் எல்லாரும் பார்த்தார்கள். போன மாதம் முடித்த இடத்துக்கே இராஜம்மா மறுபடி போவதைப் பார்த்து ஒருத்தி கேட்டாளாம்: "என்னக்கா, உங்களையே திருப்பி அனுப்பிட்டாங்களா?" அக்கா ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. தம்புசாமி மட்டும் வாய் திறக்காமல் வேறு பக்கம் பார்த்தாராம். அதுதான் தனக்கு ரொம்ப வலித்தது என்று பிறகு என்னிடம் சொன்னார்.

நாற்பத்தாறு டியூப் வந்தது. சாப்பாட்டு நேரத்தில் யாரும் பார்க்காதபோது ஒவ்வொன்றாகச் சோதித்தேன். பன்னிரண்டு சருகுமான். அதில் பதினொன்று பழைய முகம். ஒன்றுதான் புதிது. கணக்கைத் திரும்பத் திரும்பப் போட்டேன். இருபத்திரண்டுக்கு மேல் ஏறவில்லை.

கணக்குப் போட்ட தாளைக் கொண்டுபோய் டாக்டர் சிவநேசன் மேசையில் வைத்தேன். நீங்கள் மாற்றாவிட்டால் நானே அரசு அதிகாரிக்கு எழுதிவிடுவேன் என்றேன். அவர் நெடுநேரம் அதைப் பார்த்தார். பிறகு, "சரி, மாத்தலாம். ஆனா மொத நம்பர் எப்படி தப்பாச்சுன்னு கேப்பாங்க. ஆபீஸ் தப்புன்னு எழுதினா நாளைக்கு யாரும் நமக்கு வேலை குடுக்க மாட்டான். பன்னெண்டு பேர் இங்க இருக்காங்க, நீ உள்பட. அந்த அக்காவ வரச் சொல்லு" என்றார்.

அக்கா நல்லதாக ஒரு பஞ்சாபி உடை போட்டுக்கொண்டு, கிள்ளானிலிருந்து ரயில் பிடித்து வந்தார். டாக்டர் எழுந்து நின்று உபசரித்தார். தேத்தண்ணீர் வந்தது. அக்கா தொடவில்லை. "நீங்க ரொம்ப நல்லா வேலை செஞ்சீங்க அக்கா" என்று தொடங்கி, பத்து நிமிடம் சுற்றி வளைத்து, கடைசியில் மலாயில் அடித்த ஒரு தாளை அவர் முன்னால் நகர்த்தினார். "கொடுக்கப்பட்ட வழிமுறையை நான் பின்பற்றத் தவறினேன், முதல் கணக்கெடுப்பில் ஏற்பட்ட பிழைக்கு அதுவே காரணம்" என்று அதில் இருந்தது. கீழே பெயர், அடையாள அட்டை எண், கையெழுத்துக்கு ஒரு கோடு.

அவர் கையெழுத்துப் போட மாட்டார் என்றுதான் டாக்டர் கணக்குப் போட்டிருந்தார். அதை அவர் முகத்திலேயே பார்த்தேன். மானஸ்தர்கள் போட மாட்டார்கள். போடாவிட்டால் நூற்றிருபது நிற்கும், நான் தனியாக எழுதினாலும் அலுவலக முத்திரை இல்லாமல் எடுபடாது, பழியும் தன் மேல் இல்லை.

"போடாதீங்கக்கா" என்றேன். "தப்பு உங்களோடது இல்ல. அந்த இங்கிலீஷ் தாளை உங்களுக்குப் படிச்சே காட்டல."

அக்கா தாளை எழுத்து எழுத்தாக வாசித்தார். விஜயனைப் பார்த்தார். விஜயன் செல்பேசியைப் பார்த்தார். பிறகு டாக்டரைக் கேட்டார்.

"இதுல போட்டா அந்த நூத்தியிருபது போயிருமா?"

"போயிரும்."

"இருபத்திரண்டுதான் நிக்குமா?"

"ஆமா."

"பேனா குடுங்க."

டாக்டர் சட்டைப் பையைத் தடவினார். மேசையில் தேடினார். அந்த மனிதருக்கு அந்த நேரத்தில் ஒரு பேனா கிடைக்கவில்லை. என் பேனாவைத்தான் அக்கா வாங்கினார். நான் கொடுத்தேன். என் பெயரையும் அந்தத் தாளில் சேருங்கள், ஐம்பத்தொன்பது எண்ணையும் பார்த்துக் கவனிக்காமல் விட்டவள் நான் என்று அப்போது சொல்லியிருக்கலாம். வீட்டுக் கடன், உம்மாவின் மருந்து, இன்னும் என்னென்னவோ மனதில் ஓடியது. நான் சொல்லவில்லை. விஜயனைத் திட்டுகிற வாயால் என்னையும் சேர்த்துத்தான் திட்டிக்கொள்கிறேன்.

ரயில் நிலையம்வரை கூடப் போனேன். "அழுவாத, நீ ஒன்னும் பண்ணல" என்றார். நான் ஒன்றும் பண்ணவில்லை என்பதுதானே விஷயம்.

வாய்க்கால் ஓரத்துப் பாதிக் காடு நிற்கிறது. மறுபாதியில் கிடங்கு வேலை நடக்கிறது. அக்கா கையெழுத்துப் போட்ட தாளின் ஒரு நகலைக் கிடங்குக் கம்பெனி தோட்டத்துக்கும் அனுப்பியது. அதற்கு என்ன அவசியம் என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை. தோட்ட அலுவலகத்தில் ஒருவர் வாசிக்க, சாயங்காலத்துக்குள் எல்லாப் பெண்களுக்கும் தெரிந்துவிட்டது. இப்போது அக்கா பொறுக்கி முடித்த நிரையில் தம்புசாமி இரண்டு தடவை நடந்து பார்க்கிறாராம்.

அறிக்கை போன மாதம் புத்தகமாக வந்தது. நூற்றுப் பத்துப் பக்கம், வழவழப்பான தாள். முகப்பில் டாக்டர் சிவநேசன் பெயர். உள்ளே, களப்பணி ஒருங்கிணைப்பு என்று விஜயன் பெயர். ஆய்வுக்கூட உதவிக்கு நன்றி என்று என் பெயர். முப்பத்து நான்காம் பக்கத்தில், பிழைக்குக் காரணமானவர் என்று இராஜம்மா த/பெ நாகையா, அடையாள அட்டை எண்ணோடு. அதற்கு அடுத்த வரியில், "பின்னர் இருபத்து நான்கு பாதைகளிலும் மறு ஆய்வு மேற்கொள்ளப்பட்டது" என்று இருக்கிறது. மேற்கொண்டது யார் என்று இல்லை.